குட்டி யானை வாங்கலாமா? மைலேஜை மட்டும் பார்க்காதீர்கள்

உழவர் கேள்வி – அலுவலர் பதில்



வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு இலைப்பேன், வாடல் நோய், உர அளவு, விதை நேர்த்தி என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து, சின்ன லோடு வண்டியைப் பற்றியவை. வேளாண்மை அலுவலருக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். விளைந்த காய் மார்க்கெட்டில் இறங்கும்வரை சாகுபடி முடியவில்லை என்பது ஒன்று. அந்த வண்டிக்கான மாதத் தவணையும் அதே வயலிலிருந்துதான் வர வேண்டும் என்பது இன்னொன்று. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

இந்த வண்டிகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு என்று முதலில் பார்ப்போம். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம். நம் ஊர்க்காரர்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். இன்று எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டி தெருவில் வந்தாலும் அதற்கும் அதே பெயர்தான். அதற்கு முன்பு கிராமங்களில் இந்த வேலையைச் செய்தது மாருதி ஆம்னி. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 2019 வரை ஓடிய 796 சி.சி. வண்டி. பால் கேன், வாழைத்தார், கல்யாண வீட்டுச் சாமான், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போனது.

அந்த ஆம்னியின் பூர்வீகம் ஜப்பானின் சுசுகி கேரி. ஜப்பானில் 660 சி.சி.க்கு மிகாத எஞ்சின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 350 கிலோ பாரம் என்று சட்டமே அளவு வகுத்த குட்டி லாரிகள் உண்டு. அங்குள்ள சிறு விவசாயிகள் வயலுக்கும் கடைக்கும் ஓட்டுவது இதைத்தான். அங்கே இவாத்தே மாகாணத்தில் ஷிசுகுயிஷி என்ற ஊரில் 2005 முதல் ஒரு சந்தை நடக்கிறது. விவசாயிகள் வண்டியைத் தெருவில் வரிசையாக நிறுத்தி, பின்தொட்டியையே கடையாக்கி, காய்கறியையும் பழத்தையும் நேராக விற்கிறார்கள். வேறு பல ஊர்களும் இதைப் பார்த்து ஆரம்பித்தன.

சின்ன வண்டியின் அருமை இதுதான். வரப்புப் பாதையில் நுழையும், சந்தில் திரும்பும், குறைந்த எண்ணெய் குடிக்கும், கடையாகவும் மாறும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

“ஐயா, எனக்கு மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம். தக்காளி, வெண்டை போடுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் 22 கிலோமீட்டர். ஒரு நடைக்கு வாடகை 900 ரூபாய் கொடுக்கிறேன். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். சொந்தமாக வாங்கிவிடலாமா?”
– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

நீங்கள் கடிதத்தில் எழுதியபடி வருடத்தில் ஏழு மாதம் அறுவடை, மாதம் சுமார் 14 நடை. அதாவது வருடத்துக்கு 98 நடை. இன்று நீங்கள் கொடுக்கும் வண்டி வாடகை 98 x 900 = 88,200 ரூபாய். சொந்த வண்டி இதைவிடக் குறைவாக முடிந்தால்தான் லாபம்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆறரை லட்சம். கையிலிருந்து ஒன்றரை லட்சம், மீதி ஐந்து லட்சம் கடன். வட்டி 11 சதவீதம், ஐந்து வருடம்.

மாதத் தவணை: சுமார் 10,870 ரூபாய்.
இன்சூரன்ஸ் வருடத்துக்கு 24,000 என்றால் மாதத்துக்கு: 2,000 ரூபாய்.
டயர், ஆயில், சர்வீஸ், எஃப்.சி., வரிக்கு எடுத்துவைப்பது: மாதம் 2,500 ரூபாய்.
மொத்தம்: மாதம் 15,370 ரூபாய்.

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது போகும். அறுவடை இல்லாத ஐந்து மாதமும் போகும். வருடத்துக்கு 1,84,440 ரூபாய்.

இனி டீசல். ஷோரூமில் சொல்லும் மைலேஜ் வேறு, பாரத்தோடு கிராமத்து ரோட்டில் கிடைப்பது வேறு. லிட்டருக்கு 16 என்று வைப்போம். போகவர 44 கிலோமீட்டருக்கு 2.75 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 256 ரூபாய். வாடகை 900-ல் இதைக் கழித்தால், சொந்த வண்டியால் ஒரு நடைக்கு மிச்சம் 644 ரூபாய். 15,370-ஐ 644-ஆல் வகுத்தால் 24 வரும். ஆக, மாதம் 24 நடை, அதுவும் 12 மாதமும் ஓடினால்தான் வண்டி தன் செலவைத் தானே கட்டும். உங்களுக்கு இருப்பது 14 நடை, அதுவும் ஏழு மாதம்.

98 நடையில் மிச்சம் 63,112 ரூபாய். நிற்கும் செலவு 1,84,440. துண்டு விழுவது 1,21,328 ரூபாய். “ஐந்து வருடம் கழித்து வண்டி எனக்கு மிஞ்சுமே” என்பீர்கள். நியாயம்தான். அப்போது மூன்று லட்சத்துக்குப் போகும் என்றால் வருடத்துக்கு 60,000 கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கையிலிருந்து போட்ட ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 30,000 கூட்டவும் வேண்டும். அப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு 91,000 ரூபாய் இடிக்கிறது.

மைலேஜ் 16 இல்லை, ஷோரூமில் சொன்ன 20-ஏ கிடைக்கிறது என்று வைப்போம். ஒரு நடைக்கு மிச்சமாவது 51 ரூபாய். 98 நடைக்கு ஐந்தாயிரம் ரூபாய் வரும். அது நல்ல பணம்தான், ஆனால் 91,000 ரூபாய்ப் பள்ளத்தை நிரப்பாது. தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற வாடகை வண்டிக்காரருக்கு மைலேஜ் உயிர். மாதம் 14 நடை போகிற விவசாயிக்கு, வண்டி எத்தனை நாள் பாரத்தோடு ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். இரண்டு விஷயம் மாற வேண்டும்.

முதலாவது, வண்டியின் காலி இடம். நீங்கள் ஒரு நடைக்குச் சுமார் 350 கிலோ ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். 25 கிலோ தக்காளி பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேட், தன் எடையோடு 27 கிலோ வரும். முக்கால் டன் வண்டியில் 27 கிரேட் ஏறும். உங்கள் சரக்கு 13 கிரேட்தான். மீதி 14 கிரேட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் சரக்கை ஏற்றி, கிரேட்டுக்கு 30 ரூபாய் வாங்கினால் 420 ரூபாய். அவர்களுக்கும் தனி வண்டி பிடிப்பதைவிட இது குறைவு. இப்போது ஒரு நடையின் மிச்சம் 1,064 ரூபாய். வருடத்துக்கு 173 நடை போனால் செலவு கட்டிவிடும். அது மாதம் 14, 15 நடைதான். ஆனால் 12 மாதமும் ஓட வேண்டும். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் வாடகைக்கு ஏற்றுவதில் சட்டச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, பயிர்த் திட்டம். மூன்று ஏக்கரிலும் ஒரே நாளில் தக்காளி நட்டால் வண்டிக்கு இரண்டு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது, பிறகு நான்கு மாதம் கொட்டகையில் நிற்கும். நிலத்தை அரை அரை ஏக்கராகப் பிரித்து, மூன்று வார இடைவெளியில் நடவு செய்யுங்கள். வெண்டை விதைத்த 45-ம் நாளில் பறிப்புக்கு வந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் காய் தரும். அதை இரண்டு தவணையாக விதைத்தால் வருமானமும் விட்டுவிட்டு வரும். ஓர் ஓரத்தில் பி.கே.எம்.1 செடிமுருங்கை வைத்தால் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, தக்காளி இல்லாத நாட்களில் ஓரளவு கைகொடுக்கும். ஒரே நாளில் எல்லாக் காயையும் கொண்டுபோய் விலையை நாமே இறக்கிக்கொள்வதும் இதனால் குறையும்.

நேரத்துக்கு மண்டி போய்ச் சேர்வதால் நல்ல விலை கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் உங்கள் மண்டிச் சீட்டுகளை எடுத்து, சீக்கிரம் போன நாளுக்கும் தாமதமான நாளுக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். சீட்டில் தெரிந்தால் சேருங்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன சரக்கு வண்டிக்கு முத்ரா திட்டத்தில் வங்கிக் கடன் கேட்கலாம். அறுவடை மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்டும்படி தவணை அமைத்துத் தருவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். உழவர் கடன் அட்டையில் எடுத்த பயிர்க்கடனை வண்டிக்கு முன்பணமாகக் கட்டாதீர்கள். ஒழுங்காகத் திருப்பினால் 4 சதவீதத்தில் முடிகிற அந்தக் கடன், கெடு தவறினால் அந்தச் சலுகையை இழக்கும். அடுத்த போகத்துக்கு விதைக்கும் உரத்துக்கும் கையில் காசு இருக்காது.

தனியாகச் சுமக்க முடியாது என்று தோன்றினால், உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இந்த யோசனையை வையுங்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு வண்டி என்றால் அது நிற்க நேரமிருக்காது.

“எந்த வண்டி நல்லது? டீசலா, பெட்ரோலா, கேஸா, கரண்ட்டா? திறந்த தொட்டியா, மூடிய வேனா?”
– தென்காசி, ஈரோடு மாவட்ட வாசகர்கள் இருவர்

கம்பெனி பெயரைச் சொல்லி இதை வாங்குங்கள் என்று நான் எழுத மாட்டேன். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பாரம். முக்கால் டன் என்றால் 45 கிலோ யூரியா மூட்டை 16. அதற்குள் உங்கள் வேலை முடியுமா? நெல், மரவள்ளி, தேங்காய் என்று கனத்த சரக்கு என்றால் ஒன்றே கால் டன் வகைக்குப் போங்கள். அசோக் லேலண்டு 2011-ல் கொண்டுவந்த தோஸ்த் அந்த வகையில்தான் வந்தது. சின்ன வண்டியை வாங்கிப் பெரிய பாரம் ஏற்றினால் முதலில் பின் பட்டை உட்காரும், டயர் தேயும், பிரேக் பிடிக்காது, மைலேஜும் போகும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். பல மாத எண்ணெய்ச் சிக்கனம் ஒரே நாளில் போய்விடும்.

அடுத்து எரிபொருள். சி.என்.ஜி. வண்டியில் எரிபொருள் செலவு குறைவு. ஆனால் சிலிண்டரின் எடை பாரத்தில் கழியும். மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வகைக்கு 740 கிலோ என்றால், சி.என்.ஜி. வகைக்கு 625 கிலோ. 115 கிலோ குறைகிறது. அது நான்கு கிரேட் தக்காளி. நீங்கள் முழுப்பாரம் ஏற்றாதவர் என்றால் அது ஒரு பொருட்டே இல்லை. பங்க் எங்கே இருக்கிறது என்பதுதான் பொருட்டு. மார்க்கெட் போகும் வழியில் சி.என்.ஜி. பங்க் இருந்தால் நல்லது. கேஸ் பிடிக்க மட்டும் 15 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டும் என்றால் சிக்கனம் அதிலேயே கரைந்துவிடும்.

மின்சார வண்டி, தினமும் ஒரே பாதையில் குறிப்பிட்ட தூரம் போய்வருபவர்களுக்கு ஏற்றது. பால் ஊற்றுவது, உழவர் சந்தைக்குப் போய்வருவது போன்ற வேலை. டாடா ஏஸ் மின்வண்டி 2022-ல் வந்தபோது ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர், 600 கிலோ பாரம் என்றார்கள். பாரமும் மேடும் கூடினால் தூரம் குறையும். போகவரத் தேவைப்படும் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது கையில் இருக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச விவசாய இணைப்பில் வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். அந்த மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். மின்வாரியத்தின் சோதனையில் பிடிபட்டால் அபராதம் வரும், இணைப்புக்கே சிக்கலாகும்.

திறந்த தொட்டியா, மூடிய வேனா என்பது சரக்கைப் பொறுத்தது. காய்கறி, கீரை, வைக்கோல், எரு என்றால் திறந்த தொட்டி. ஏற்ற இறக்க எளிது, காற்றோட்டம் உண்டு, கழுவலாம். முட்டை, அரிசி மூட்டை, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று நனையக் கூடாத, தூசி படக் கூடாத பொருள் என்றால் ஈகோ கார்கோ மாதிரி மூடிய வேன். பறித்த காய் மூச்சுவிடும், சூடு கிளப்பும். மூடிய வேனில் வெயில் நேரத்தில் தக்காளியை ஏற்றினால் மார்க்கெட் போவதற்குள் வெந்துவிடும்.

“என் வீட்டுக்காரர் குட்டி யானை வாங்கப் போகிறார். வேலைக்கு வேலையும் ஆச்சு, ஆடி மாதம் குலதெய்வக் கோயிலுக்கு மாமியார், நாத்தனார் பிள்ளைகள் எல்லாருமாகப் பின்னால் ஏறிப் போய் வந்துவிடலாம், பஸ் காசு மிச்சம் என்கிறார். 14 பேர் இருக்கிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”
– திருச்சி மாவட்ட வாசகி

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

லோடு வண்டியில் கோயிலுக்குப் போவது நம் கிராமங்களில் காலங்காலமாக நடப்பது. சொந்தபந்தம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, பேசிச் சிரித்துப் போகும் சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொட்டி சரக்குக்காகச் செய்தது. சரக்கு அசையாமல் அடியில் இருக்கும். ஆட்கள் நிற்பார்கள், ஒரு பக்கமாகச் சாய்வார்கள், வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சரிவார்கள். குறுகிய, உயரமான சின்ன வண்டி அப்போதுதான் கவிழ்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பிள்ளைகளும் வயதானவர்களும்தான் முதலில் தூக்கி எறியப்படுகிறார்கள்.

இனி சட்டமும் பணமும். ஆர்.சி.யில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் டிரைவரோடு சேர்த்து இரண்டு பேர். இன்சூரன்ஸில் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பும் ஆளுக்குப் பாதுகாப்பு உண்டு. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சில வழக்குகளில், கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று உத்தரவாகும். அப்போதும் பாரம் உங்கள் தலையில்தான். வண்டியை விற்றாலும் போதாது, நிலத்தில் கை வைக்க வேண்டிவரும். காயம் பட்டவர்கள் வேறு யாரோ அல்ல, உங்கள் நாத்தனார் பிள்ளைகள். பணத்தோடு உறவும் போகும்.

அதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பொங்கல் பானை, விறகு, சமையல் பாத்திரம், அரிசி, பந்தல் சாமான், தண்ணீர் கேன் எல்லாம் குட்டி யானையில் போகட்டும். கேபினில் உங்கள் வீட்டுக்காரரும் இன்னொருவரும். மற்றவர்கள் பஸ்ஸில். நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே. பஸ் வசதி இல்லாத கோயில் என்றால் அன்று ஒருநாளைக்கு ஒரு வேனை வாடகைக்குப் பிடியுங்கள். ஆளுக்குப் பங்கு போட்டால் பெரிய தொகை ஆகாது.

குடும்பம் போவதுதான் அதிகம், சரக்கு எப்போதாவது இரண்டு மூட்டை என்பவர்களுக்கு ஈகோ போன்ற ஐந்து இருக்கை வேன் பொருத்தம். அது சொந்த உபயோக வண்டி, வெள்ளை போர்டு. அதில் உங்கள் வீட்டுக்குத் தீவன மூட்டை கொண்டுவருவது வேறு, வாடகைக்கு மற்றவர் சரக்கை ஏற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்து விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். ஆக, வருடத்தில் எத்தனை நாள் சரக்கு, எத்தனை நாள் ஆட்கள் என்று எண்ணிப் பார்த்து, எது அதிகமோ அதற்கான வண்டியை வாங்குங்கள். மற்றதற்கு வாடகை வண்டி.

நீங்களும் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகு ரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்றால் பறித்த காய் வரப்பில் கிடக்காது.

“பழைய வண்டி இரண்டு லட்சத்துக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?”
– தருமபுரி மாவட்ட வாசகர்

உங்கள் நடைகள் குறைவு என்றால் பழைய வண்டி நல்ல யோசனை. நிற்கும் செலவு குறையும். ஆனால் அவசரப்படாதீர்கள்.

காகிதம் முதலில். எஃப்.சி. எதுவரை? எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பின் வருடாவருடம் எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 2022-ல் வைத்த அடிப்படைக் கட்டணமே 16,049 ரூபாய். வரி தனி. விட்டுப்போயிருந்தால் அது உங்கள் செலவு. ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்து விபத்து நடந்தால் இருவருக்கும் தொல்லை.

பிறகு வண்டி. தொட்டியின் தார்ப்பாயையும் ரப்பர் விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். உரமும் கோழி எருவும் ஏற்றிய வண்டியின் தகடு அடியில் அரித்திருக்கும். சேசிஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா? பின் பட்டையில் கூடுதல் பிளேட் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அளவுக்கு மேல் பாரம் அடித்த வண்டி. காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன் போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முடிந்தால் 500 கிலோ ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் நம்பிக்கையான மெக்கானிக்குக் கொடுக்கும் 500 ரூபாய் வீண் செலவு அல்ல.

“சொந்த வண்டியில் ஏற்றியும் தக்காளி நசுங்குகிறது. என்ன செய்வது?”
– கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

தூரத்துச் சந்தைக்கு என்றால் முழுப்பழமாகப் பறிக்காமல், நிறம் மாறத் தொடங்கும்போது பறியுங்கள். பறித்ததை நிழலில் வைத்துச் சூடு ஆறிய பின் ஏற்றுங்கள். கிரேட்டின் விளிம்புக்கு மேல் காய் நிற்கக் கூடாது. மேல் கிரேட்டின் எடையைக் கீழ் கிரேட்டின் விளிம்புதான் தாங்க வேண்டும், காய் தாங்கக் கூடாது. கிரேட்டுகள் ஆடாமல் கயிறு கட்டுங்கள். தார்ப்பாயைக் காயின் மேல் படியவிடாமல், குறுக்குக் கம்பி கொடுத்துக் கூடாரம் மாதிரி போடுங்கள், பக்கத்தில் காற்று போகட்டும். டயரில் காற்று அளவோடு இருக்கட்டும். கல் மாதிரி அடித்துவைத்தால் ஒவ்வொரு குழியும் காயில் தெரியும், குறைத்தால் மைலேஜ் குறையும்.

திரும்பி வரும்போது காலியாக வராதீர்கள். தீவனம், உரம், விதை எதுவானாலும் ஏற்றி வாருங்கள். ஆனால் பூச்சிக்கொல்லியையும் காய்கறி அல்லது மாட்டுத் தீவனத்தையும் ஒரே நடையில் சேர்க்காதீர்கள். எரு ஏற்றிய தொட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் காய் ஏற்ற வேண்டும். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கும் யோசனையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கு, எந்தத் தேதியில் எத்தனை கிலோ போனது, எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, ஏற்றுக்கூலி எவ்வளவு, திரும்பும்போது என்ன ஏற்றினீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் எந்தெந்த நாளில் வண்டி தேடினார் என்பதையும் எழுதுங்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்பினால், உங்கள் எண்களைப் போட்டு வாங்கலாமா வேண்டாமா என்று இந்தப் பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

அடுத்த இதழில் வழக்கம்போல் பயிர்க் கேள்விகள். கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான் பற்றிக் கேட்டவர்களுக்கு அதில் பதில் வரும்.